பால்காரிக்கு ஒரு மஞ்சள் புள்ளி

விமானி இல்லாத விமானத்துக்கு எந்தப் பைத்தியக்காரியாவது சல்யூட் அடிப்பாளா? டெல்ஃபின் பாய்கின் அடித்தாள்.

அடித்துவிட்டுக் கையை இறக்கவும் இல்லை. போர்க்கப்பலின் மேல்தளத்தில் அட்லாண்டிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. தோளில் மாலை மாதிரி கிடந்த இரும்புச் சங்கிலிகள் கலகலக்கின்றன. அவள் மட்டும் அந்தச் சாம்பல் நிற விமானத்தின் எதிரே விறைப்பாக நின்றுகொண்டே இருந்தாள்.

அவளைப் போல விமானத்தைப் பராமரிக்கும் பழுப்புச் சட்டைக்காரர்களின் வழக்கம் அது. விமானத்தைத் துடைத்து, எண்ணெய் பார்த்து, தளத்தோடு கட்டியிருக்கும் சங்கிலிகளை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானிக்கு சல்யூட் அடிப்பார்கள். அவர் பதில் சல்யூட் அடித்த பிறகுதான் விமானம் அவருடையது. அதுவரை பெற்ற பிள்ளை போல இவர்களுடையது. வருடக்கணக்காகச் செய்து பழகிய கை, தானாக நெற்றிக்குப் போய்விட்டது.

ஆனால் இதற்குள்ளேதான் யாருமே இல்லையே! கண்ணாடிக் கூண்டு இருக்க வேண்டிய இடம் பாறை மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"ஏ டெல், அது திருப்பி சல்யூட் அடிக்கறதுக்குள்ள நம்ம எல்லாருக்கும் பென்ஷன் வந்துடும்!" என்று தலைக்கவசத்துக்குள் ஒரு குரல் கேட்டது. தளம் முழுக்கச் சிரிப்பு. அவளுக்கு முகம் கன்றிப்போயிற்று.

அப்போதுதான் விமானத்தின் இரண்டு சிறகு நுனிகளிலும் விளக்குகள் பளிச் பளிச்சென்று மின்னின.

கப்பலின் வயிற்றுக்குள், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து அந்த விமானத்தை இயக்கும் ஹோல்கேட் என்ற நரைத்த மீசைக்காரர், காமிராவில் இவள் நிற்பதைப் பார்த்துவிட்டு விசையைத் தட்டியிருந்தார். சிரித்தவர்கள் எல்லாம் கை தட்ட ஆரம்பித்தார்கள். டெல்ஃபின் சட்டென்று விலகி நின்றாள். விமானத்தைத் தளத்திலிருந்து உந்தி எறியும் எறிபொறி சீறியது. அந்தச் சாம்பல் பறவை வில்லிலிருந்து விடுபட்ட அம்பாகக் கடலின் மேல் பாய்ந்தது. அவளுடைய நெஞ்சும் கூடவே பாய்ந்தது.

அதற்குக் கப்பலில் வைத்த பெயர் 'பால்காரி'. போர் விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் ஊற்றுவதுதான் அதன் வேலை. சிறகுக்கடியிலிருந்து ஒரு குழாயை நீட்டும். அதன் முனையில் கூடை மாதிரி ஒரு வாய். பின்னால் வரும் விமானம் அதில் மூக்கைப் பொருத்திக் குடித்துக்கொள்ள வேண்டியதுதான். வர்ஜீனியாக் கரையை விட்டு இந்தப் பயணம் கிளம்பியதே அதைச் சோதித்துப் பார்க்கத்தான். பயண முடிவில் பால்காரி கப்பலிலேயே இருக்குமா, கிரேனில் தொங்கிக்கொண்டு கரைக்குத் திரும்புமா என்பது ஸ்ட்ரிக்லண்டின் வாயில் இருந்தது. மேல்தளமும் அதன் மேலிருக்கும் வானமும் அவருடைய ஆட்சி. எல்லோரும் அவரை பாஸ் என்றே அழைத்தார்கள்.

பால்காரி கப்பலில் தங்க வேண்டும். டெல்ஃபினுக்கு இப்போது வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை.

அதற்குக் காரணம் லேண்டன் ப்ரூ. முன்பு அவள் கவனித்துக்கொண்ட போர் விமானத்தின் விமானி. தன் தட்டிலிருக்கும் கடைசிக் கோழித் துண்டை அவளுக்காகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வரும் பிள்ளை. ஒரு பனிக்கால மத்தியானம் மூடுபனி இறங்கியது. முன்னால் இறங்கிய விமானத்தின் சக்கரம் வெடித்துத் தளத்தை அடைத்துக்கொண்டது. எரிபொருள் ஊற்றப் போன விமானமும் கோளாறாகித் திரும்பிவிட்டது. லேண்டன் மேலே சுற்றிக்கொண்டே இருந்தான், எரிபொருள் வற்றும்வரை. பாராசூட் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அன்று டெல்ஃபின் சங்கிலிகளைத் தோளில் போட்டபடி அவன் விமானம் நிற்கவேண்டிய இடத்திலேயே நின்றாள். தளம் காலியான பிறகும் நின்றாள். கடைசியில் யாரோ வந்து அவள் தோளிலிருந்து சங்கிலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார்கள். அந்தச் சத்தம் இன்றும் அவள் தூக்கத்தில் வரும்.

பால்காரிக்குக் களைப்பு கிடையாது, பயம் கிடையாது. மணிக்கணக்கில் மேலே தொங்கிக்கொண்டிருக்கும். அது இருந்தால் இன்னொரு லேண்டன் போகமாட்டான். இவ்வளவுதான் அவள் கணக்கு.

இந்தக் கணக்கை ஏற்காதவன் கப்பலில் ஒருவன் இருந்தான். அவளுடைய சொந்தத் தம்பி!

லெப்டினன்ட் குவென்டின் பாய்கின், போர் விமானி. அம்மா போர்ட்ஸ்மத்தில் கண்ணை மூடியபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அவன் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதற்காகவே டெல்ஃபின் பள்ளி முடித்த கையோடு கடற்படையில் சிப்பாயாகச் சேர்ந்தாள். படித்தான், அதிகாரியானான். விதியின் விளையாட்டைப் பாருங்கள், மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்த தம்பியை இப்போது நாலு பேர் முன்னால் அவள் 'சார்' என்று கூப்பிட வேண்டும்.

"சார், உங்க ஷூ லேஸ் அவுந்திருக்கு சார்," என்பாள் தளத்தில், பவ்யமாக.

"கீழ வா, உன்னை கவனிச்சுக்கறேன்," என்று அவன் பல்லைக் கடிப்பான்.

கீழே போனால் அவள் அவன் காதைத் திருகுவாள்.

விமானிகளுக்குச் சக விமானிகள் பட்டப்பெயர் வைப்பார்கள். செய்த தப்பிலிருந்துதான் பெயர் பிறக்கும். குவென்டினுக்குக் 'கோணல்' என்று பெயர். ஓடும் கப்பலில் இறங்கும்போது நடுக்கோட்டுக்கு ஓர் அடி இடப்பக்கம், சில நாள் ஒன்றரை அடி. ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனாலும் கோணல்.

அந்தக் கோணல் அவனை விடாமல் துரத்தியது. இங்கே ஒவ்வொரு இறக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு. அதற்கென்றே ஓர் அதிகாரி தளத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பார். பிறகு விமானிகள் அறைக்கு வந்து அத்தனை பேர் முன்னாலும் உரக்கப் படிப்பார். சுத்தமாக இறங்கியிருந்தால் சுவர்ப் பலகையில் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி. கொஞ்சம் பிசகினால் மஞ்சள். மோசமென்றால் பழுப்பு. எதிரியின் ஏவுகணைக்கு அஞ்சாதவர்கள்கூட அந்த மஞ்சளுக்கு அஞ்சுவார்கள். ஒவ்வொரு பயணத்திலும் குவென்டின் இரண்டாமிடம்தான். இதுவே அவனுக்குக் கடைசிப் பயணம். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிப் போர் விமானம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நடுக்கோட்டைப் பிடித்து, இந்தத் தடவை இதுவரை மஞ்சளே விழாமல் பார்த்துக்கொண்டான். ஒரே ஒரு முறை முதலிடத்தில் நின்றுவிட்டுப் போக ஆசைப்பட்டான்.

யாரோ ஒரு குறும்பன் பலகையின் அடியில் 'பால்காரி' என்று ஒரு வரிசை சேர்த்தான். அதோடு தொலைந்தது. அந்த வரிசையில் பச்சை, பச்சை, பச்சை. புல்வெளிபோல.

"நல்லாயிருக்கு உன் தகர டப்பா," என்றான் குவென்டின், சாப்பாட்டுத் தட்டோடு படிக்கட்டில் மறித்து. "தலைவலி இல்ல, கழுத்துவலி இல்ல. முதல்ல எண்ணெய் ஊத்தும். அடுத்த வருஷம் குண்டு போடும். அப்புறம் நாங்கல்லாம் எதுக்கு? தளத்தைக் கூட்டவா?"

"கூட்டேன். உனக்கு வீட்டுலயும் கூட்டத் தெரியாது."

"டெல், நான் சத்தியமா சொல்றேன். அதுகிட்டேர்ந்து ஒரு சொட்டு வாங்க மாட்டேன்."

"லேண்டனுக்கு அந்த ஒரு சொட்டு இருந்திருந்தா..."

அவன் முகம் இறுகியது. லேண்டன் அவனுடைய உயிர் நண்பன். தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். அதன் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. தளத்தில் எதிர்ப்பட்டால் அவள் 'சார்' என்றாள். இப்போது அதில் கேலி இல்லை. அதுதான் இருவருக்கும் வலித்தது.

தினமும் காலையில் விமானம் கிளம்பும் முன் தளத்தில் ஒரு நடை உண்டு. எல்லாரும் தோளோடு தோள் நின்று, குனிந்த தலை நிமிராமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நடப்பார்கள். ஒரு திருகாணி, ஒரு கம்பித் துண்டு, எது கிடந்தாலும் பொறுக்கிக் காட்ட வேண்டும். ஜெட் என்ஜின் அதை உறிஞ்சினால் விமானமும் போகும், ஆளும் போவான்.

அந்தக் காலையில் டெல்ஃபினின் காலடியில் ஒரு கருப்புச் சில்லு கிடந்தது. தளத்தின் மேல் பூசியிருக்கும் சொரசொரப்பான பூச்சு, நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. குனிந்தாள். பெயர்ந்த இடத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குப்பென்று வியர்த்தது.

இறங்கும் விமானத்தின் வாலில் தொங்கும் கொக்கி, தளத்தில் குறுக்காகக் கட்டிய கம்பியைக் கவ்வி நிறுத்தும். மனிதன் ஓட்டினால் கொக்கி ஒரு நாள் இங்கே விழும், ஒரு நாள் அங்கே விழும். பால்காரியின் கொக்கி? கம்பிக்கு முன்னால் அதே இடம். மயிரிழை பிசகாமல், நாள் தவறாமல், அதே இடம். அம்மிக்கல்லைக் கொத்துகிற மாதிரிக் கொத்திக் கொத்திப் பூச்சு பெயர்ந்து, இரும்பு பளபளத்து, உள்ளங்கை கொள்ளும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

பாஸ் பார்த்தால்? பால்காரி நாளைக்கே கரையேறிவிடும்.

டெல்ஃபின் சில்லைப் பையில் போட்டாள். நடை முடிந்து எல்லாரும் கையை விரித்துக் காட்டியபோது அவள் வெறுங்கையைக் காட்டினாள். வாழ்நாளில் முதல் முறையாகக் கண்டதை மறைத்தாள்.

காலைப் பறப்பு தொடங்கியது. முதல் விமானம் எறிபொறிக்கு வந்து நின்றது. கண்ணாடிக்குக் கீழே எழுதியிருந்த பெயர் அவள் கண்ணில் அறைந்தது. குவென்டின் பாய்கின், 'கோணல்'.

என்ஜின் உறுமத் தொடங்கியது. விமானத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் குழி. அங்கே பெயர்ந்தது இந்த ஒரு சில்லுதானா? இன்னும் எத்தனை ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கிறதோ? ஒன்று போதுமே, தம்பியின் என்ஜினுக்குள் போக! 'கடவுளே, இதை வாயைத் திறந்து சொன்னால் பால்காரி போய்விடும். சொல்லாவிட்டால்...'

குவென்டின் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினான். அவன் கை நெற்றிக்குப் போனால் அடுத்த நொடி பொறி எறிந்துவிடும்.

டெல்ஃபின் பாய்ந்து முன்னால் வந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தாள்.

நிறுத்து!

இந்தச் சைகையை யார் காட்டினாலும், வழிதவறி மேலே வந்த சமையல்காரன் காட்டினாலும், எல்லாம் நிற்க வேண்டும். பச்சைச் சட்டை போட்ட எறிபொறி ஆள் ஒருவன் அதே சைகையைக் காட்டினான், இன்னொருவன் காட்டினான், கண் மூடித் திறப்பதற்குள் தளம் முழுக்கக் குறுக்குக் கைகள். உறுமல் அடங்கியது.

"யாரது? எதுக்கு?" கோபுரத்திலிருந்து பாஸின் குரல் இடித்தது.

டெல்ஃபின் பையிலிருந்து சில்லை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தாள்.  கண்ணில் நீர் கொட்டியது. தலைக்கவசக் கண்ணாடிக்குள் அதைத் துடைக்கவும் வழியில்லை.

பாஸே இறங்கி வந்தார். குழியின் பக்கத்தில் மண்டியிட்டுச் சுற்றிலும் தடவினார். இன்னும் நாலைந்து சில்லுகள் கையோடு வந்தன.

"நடக்கறப்பவே பாத்தியா?"

"பாத்தேன் பாஸ்."

"மறைச்சியா?"

"மறைச்சேன் பாஸ்."

"உன் தம்பி வந்து நின்னதும்தான் புத்தி வந்துதா?"

அவள் சில்லை அவர் கையில் வைத்தாள்.

"மறைச்சதுக்கு ஒரு மாசம் கழுவற வேலை. நிறுத்தினதுக்கு என் நன்றி. ரெண்டும் ஒரே ஆளுக்குச் சொல்ல வேண்டியிருக்கு, என்ன கருமமோ!" என்றவர் பால்காரியைப் பார்த்தார். "அந்தச் சனியனைக் கீழ இறக்கிப் போர்த்தி வைங்க. என் கப்பலை ஓட்டை போடற பறவை எனக்கு வேண்டாம். துறைமுகம் வந்ததும் கிரேனைக் கூப்பிடுங்க."

கீழ்த்தளத்தில் பால்காரியைப் போர்த்திவிட்டு டெல்ஃபின் அதன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஹோல்கேட் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"பாஸ்கிட்ட கெஞ்சிப் பாத்துட்டேன். கொஞ்சம் முன்ன பின்ன எறங்கற மாதிரி மாத்திடறேன்னு சொன்னேன். 'என் தளத்துக்கு மேல ஒரு மிஷின் பூவா தலையா போட்டு விளையாடறதுக்கு நான் விடமாட்டேன்'னுட்டாரு. அவர் சொல்றதும் நியாயம்தான். தப்பும் பண்ணணும், அந்தத் தப்பு ஆபத்து இல்லாத தப்பாவும் இருக்கணும். அப்படித் தப்பு பண்றதுக்கு ஒரு மனுஷன்கிட்டேர்ந்துதான் கத்துக்க முடியும்."

"எந்த மனுஷன்?"

ஹோல்கேட் தயங்கினார். "வருஷக்கணக்கா ஒரு தடவைகூட ஆபத்தா எறங்கினது இல்ல. ஒரே எடத்துல ரெண்டு தடவை எறங்கினதும் இல்ல. அப்படி இந்தக் கப்பல்ல ஒருத்தன்தான் இருக்கான். ஆனா அவன் சரின்னு சொல்லாம அவன் எறங்கின பதிவுகளை எடுத்து மிஷினுக்குக் கத்துக்கொடுக்க மாட்டேன்."

டெல்ஃபின் கசப்பாகச் சிரித்தாள். "அவனா? ஒரு சொட்டு வாங்கமாட்டேன்னவன், தன்னையே ஊத்திக் கொடுப்பானா?"

"யாரு யாருக்கு ஊத்தணும்?"

வாசலில் குவென்டின் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. கழுத்தைப் பிடித்தபடி மெல்ல வந்து அக்கா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"மேல போய் அந்தக் குழியைப் பாத்துட்டு வந்தேன் டெல். கை வெச்சுப் பாத்தேன். அடேயப்பா, எப்படி ஒரே எடத்துல! நான் பொறந்ததுலேர்ந்து முயற்சி பண்றேன், எனக்கு வரலை." பால்காரியின் சக்கரத்தை லேசாகத் தட்டினான். "உனக்கு இது எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும். லேண்டனுக்காக நீ எப்படி நின்னேன்னு நானும் பாத்தேன். அப்படி இருந்தும் எனக்காகக் கையைத் தூக்கிட்டே."

"வேற யாரா இருந்தாலும் தூக்கியிருப்பேன், போடா," என்றாள். 

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன்." அவன் ஹோல்கேட்டைப் பார்த்தான். "எடுத்துக்குங்க. அத்தனை கோணலையும் எடுத்துக்குங்க. ஆனா ஒரு நிபந்தனை. அது என்னை மாதிரி எறங்கினா, எனக்குப் போடற மாதிரியே மார்க் போடணும். மிஷினாச்சேன்னு தயவு தாட்சண்யம் பாக்கக் கூடாது!"

பாஸ் முனகினார், உறுமினார், ஹோல்கேட்டின் திரையில் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "ரெண்டு பாய்கினும் சேந்து என் ஆயுசைக் குறைக்கறீங்க. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. அதுல ஒழுங்கா இல்லைன்னா கிரேன்தான்," என்றார்.

அந்தச் சோதனை நாளில் கடல் கொந்தளித்தது. கப்பலின் வால் ஏறி ஏறி இறங்கியது. டெல்ஃபின் பால்காரியின் சங்கிலிகளை அவிழ்த்து, சல்யூட் அடித்து, விளக்கு மின்னுவதைப் பார்த்து விலகினாள். பின்னாலேயே குவென்டினும் கிளம்பினான். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவன் குரல் கப்பல் முழுக்கக் கேட்டது.

"பால்காரி, ரெண்டு படி ஊத்து."

மேலே, கண்ணுக்கெட்டும் தூரத்தில், அவன் விமானத்தின் மூக்கு அந்தக் கூடையைத் தேடிப் பொருந்தியது. 

"பால் நல்லாத்தான் இருக்கு டெல். தண்ணி கலக்கலை."

தளம் சிரித்தது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு பால்காரி இறங்க வந்தது. குவென்டின் இறங்காமல் மேலேயே வட்டமடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர்கள், சிறியவர்கள், சமையல் அறையிலிருந்து ஏப்ரனோடு வந்தவர்கள், எல்லோரும் கோபுரத்துப் படிகளில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். சாம்பல் பறவை தாழ்ந்தது. கப்பலின் வால் எகிறியது. பறவை ஒரு கணம் நிதானித்தது. அப்புறம் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், ஓர் அடி தள்ளி, லேசாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு...

டெல்ஃபினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சாய்வை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! சைக்கிள் பழகிய நாளிலிருந்து அவன் சாய்கிற அதே சாய்வு!

கொக்கி குழியைத் தாண்டிப் புது இடத்தில் விழுந்து கம்பியைக் கவ்வியது. பால்காரி குலுங்கி நின்றது.

விமானிகள் அறை அன்று மூச்சுவிட இடமில்லாமல் நிரம்பி வழிந்தது. கழுவும் வேலையில் இருந்த டெல்ஃபினையும் கை ஈரம் காயாமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மதிப்பெண் போடும் அதிகாரி கல் முகத்தோடு படித்தார்.

"பால்காரி. கொஞ்சம் இடப்பக்கம். இறங்கும்போது சாய்வு. பத்திரமான இறக்கம்தான், ஆனாலும் சுத்தமில்லை. மஞ்சள்!"

அறை வெடித்தது. தொப்பிகள் பறந்தன. ஒரு மஞ்சள் புள்ளிக்கு இப்படி ஆரவாரம் அந்தச் சுவர் பார்த்ததில்லை. புல்வெளி நடுவே ஒற்றைப் பூ மாதிரி அந்தப் புள்ளி ஒட்டப்பட்டது. கூட்டத்தில் ஒருவன் திடீரென்று கத்தினான்: "ஏய், பலகையைப் பாருங்கடா! கோணல் முதலிடம்!"

அந்தப் பயணத்தில் குவென்டினுக்கு ஒரு மஞ்சள்கூட விழவில்லை. பால்காரிக்கு விழுந்தது. தன்னுடைய கோணலைத் தூக்கிக் கொடுத்தவன் அதனாலேயே ஜெயித்துவிட்டான்!

"இது செல்லாது, இது செல்லாது," என்று சிரித்துத் திமிறிய குவென்டினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

"டேய், கழுத்து! கழுத்துடா அவனுக்கு!" என்று டெல்ஃபின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். 'சார்' என்பது மறந்தே போயிற்று.

வாசலில் பாஸ் நின்றிருந்தார். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"கிரேன் வேண்டாம்னு சொல்லியாச்சு," என்றார். "அந்தப் பொண்ணு இங்கேயே இருக்கட்டும். இப்பதான் அது நம்ம ஆள் மாதிரி எறங்குது."

குவென்டினின் கடைசிப் பறப்பு முடிந்ததும், வழக்கப்படி, அவன் விமானத்தின் கண்ணாடிக்குக் கீழிருந்த பெயரைச் சாம்பல் பெயின்ட் பூசி அழித்தார்கள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். டெல்ஃபின் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்க கூட்டிட்டுப் போறே?"

"வாயை மூடிட்டு வாங்க சார்."

பால்காரியின் மூக்குக்குப் பின்னால், மற்ற விமானங்களில் கண்ணாடிக் கூண்டு இருக்கும் இடத்தில், ஈரம் காயாத கருப்பு எழுத்துகள்: குவென்டின் பாய்கின், 'கோணல்'. அதற்குக் கீழே சின்னதாக அவளுடைய பெயர்.

அவன் தொடப் போனான். "தொடாதே, பெயின்ட் காயலை!" என்று அவள் கையில் ஓர் அடி வைத்தாள். தொட்டே விட்டான். கடைசி எழுத்து இழுபட்டுக் கோணலாகிவிட்டது. அவள் அதைத் திருத்தவில்லை.

மறுநாள் காலை அவன் சாதாரண உடையில் தளத்தின் ஓரத்தில் நின்றான். டெல்ஃபின் சங்கிலிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பால்காரியின் எதிரே வந்து சல்யூட் அடித்தாள். கழுத்தில் மருத்துவர் கட்டிய பட்டையோடு அவனும் அடித்தான்.

சிறகு நுனி விளக்குகள் மின்னின. வலப்பக்கம் முதலில். ஹோல்கேட்டின் குறும்பு, இடப்பக்கம் சற்றுத் தாமதமாக, கோணலாக.